வர்ஜீனியாவில் முடிந்துபோனதாக நினைத்த வழக்கு

நியூஜெர்சியில் வக்கீலாக இருக்கும் என் மேசையில் அவர் மூன்று தாள்களை வைத்தார். முதல் தாள் 2016-இல் வர்ஜீனியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான தீர்ப்பு. அடுத்தது 2023-இல் அதே குற்றத்துக்கு நியூஜெர்சி முனிசிபல் கோர்ட் போட்ட உத்தரவு. மூன்றாவது, ஒரு சனிக்கிழமை காலை மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது போலீஸ் நிறுத்திக் கொடுத்தது. பின்பக்க பிரேக் லைட் ஒன்று எரியவில்லை. லைசென்ஸ் சஸ்பெண்டில் இருந்தது.

"அபராதம் எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டார்.

அந்தத் தாளில் இருந்த சட்டப் பிரிவு 2சி:40-26. அதைப் படித்ததும் அபராதக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டேன். அது குறைந்தது 180 நாள் சிறை. (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இதே மாதிரி மூன்று தாளோடு வருகிறவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை.)

நியூஜெர்சியில் குடித்துவிட்டு ஓட்டுவது ஒரு போக்குவரத்துக் குற்றம்தான். ஜூரி கிடையாது, கிரிமினல் பதிவிலும் ஏறாது. ஆனால் இரண்டாவது முறை மாட்டி, அதற்காக லைசென்ஸ் முடக்கப்பட்டிருக்கும் காலத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டால் கதையே வேறு. 2011 ஆகஸ்டிலிருந்து அது நான்காம் நிலைக் கிரிமினல் குற்றம். அன்று நீங்கள் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்க வேண்டியதில்லை. வழக்கு, குற்றம் சாட்ட ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, பிறகு சுப்பீரியர் கோர்ட் என்று போகும். 180 நாளுக்கு முன் பரோல் கிடையாது. அதிகபட்சம் 18 மாதம்.

"இரண்டாவது முறை எங்கே சார்? நியூஜெர்சியில எனக்கு இது ஒண்ணுதானே?"

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலரும் சறுக்குகிறார்கள். ஐடி வேலையில் இருப்பவர் ப்ராஜெக்ட் மாறும்போதெல்லாம் மாநிலம் மாறுகிறார். பழைய ஊரின் வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம் எல்லாம் முடிவது போல வழக்கும் அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ஓட்டுநர் உரிமம் குறித்துத் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை வைத்திருக்கின்றன. வர்ஜீனியா, நியூஜெர்சி இரண்டுமே அதில் உண்டு. ஒரு மாநிலத்தில் வந்த தண்டனை, லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்குத் தகவலாகப் போய்ச் சேரும். அது போக, லைசென்ஸ் முடக்கப்பட்டவர்களின் தேசியப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது. எங்கே புது லைசென்ஸ் கேட்டாலும் அதில் தேடிப் பார்ப்பார்கள்.

நியூஜெர்சியின் குடிபோதைச் சட்டமே, வேறு மாநிலத்தில் அதையொத்த சட்டத்தின்கீழ் வந்த தண்டனையை முந்தைய தண்டனையாக எண்ணச் சொல்கிறது. அதனால்தான் 2023-இல் முனிசிபல் நீதிபதி இவரை இரண்டாம் முறைக் குற்றவாளியாக வைத்து லைசென்ஸை முடக்கினார். அன்று வக்கீல் சொன்னதை இவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சரி, 180 நாள் சிறை தரும் கிரிமினல் சட்டத்துக்கும் வெளி மாநிலத் தண்டனை சேருமா? அதில் அப்படி வெளிப்படையாக எழுதியில்லையே என்று வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சேரும் என்று சொல்லிவிட்டது.

ஒரு சந்து இருக்கிறது. அந்த வெளி மாநிலத் தண்டனை, ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்துக்குக் கீழே இருந்ததை மட்டுமே வைத்து வந்தது என்று தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரத்தோடு நிரூபித்தால் அது கணக்கில் வராது. உதாரணமாக யூட்டாவில் வரம்பு 0.05. அங்கே 0.06-க்கு மாட்டியவருக்கு இந்த வாதம் உண்டு. ஆனால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில். பழைய கோர்ட் கட்டைத் தோண்டி எடுக்க வேண்டும். நியூயார்க்கில் 'சின்னக் கேஸ்' என்று பேசி முடித்த குடிபோதை வழக்குகள்கூட, இந்த நிரூபணம் இல்லாததால் இங்கே முந்தைய தண்டனையாக எண்ணப்பட்டிருக்கின்றன. நம்மவருக்கு வர்ஜீனியாவில் பதிவானது 0.11.

நீதிபதி மனம் இரங்கினால்? அந்த நம்பிக்கையோடுதான் எல்லாரும் வருகிறார்கள். மறுவாழ்வு மையத்தில் இருக்கிறேன் என்று கேட்டவருக்கு 2014-இலும், காலில் கண்காணிப்புக் கருவி கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டவருக்கு 2015-இலும், வார இறுதியில் மட்டும் சிறைக்கு வருகிறேன் என்று கேட்டவருக்கு 2019-இலும் மேல் நீதிமன்றங்கள் இல்லை என்று சொல்லிவிட்டன. அந்தப் பழைய தீர்ப்பையே ரத்து செய்துவிடுகிறேன் என்றாலும் நேரம் கடந்துவிட்டது. வண்டி ஓட்டிய நாளில் லைசென்ஸ் முடக்கத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி என்று 2014-இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. பழைய வழக்கில் ஓட்டை இருந்தால் வண்டியைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடிக்க வேண்டும்.

முடக்கக் காலம் முடிந்தும், 100 டாலர் கட்டி லைசென்ஸைத் திரும்ப வாங்காமல் ஓட்டியவர்கள் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2015-இல் வந்த ஒரு தீர்ப்பால் இந்த 180 நாள் சட்டம் அவர்கள்மேல் பாயாது. சாதாரண சஸ்பெண்ட் வழக்குதான். அதனால் நான் முதலில் பார்ப்பது தேதிகளை. இவருக்கு உத்தரவு முடிய ஐந்து வாரம் இருந்தது.

"வர்ஜீனியாவில வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்டலாம்னு ஒரு லைசென்ஸ் கொடுத்தாங்களே சார், அதே மாதிரிதான்னு நினைச்சேன்" என்றார். எனக்குக் கோபம் வராத இடம் இது. வர்ஜீனியாவில் அப்படி ஒரு ஏற்பாடு உண்மையிலேயே உண்டு. நியூஜெர்சியில் முடக்கம் என்றால் முழு முடக்கம்: வேலைக்கும் ஓட்டக் கூடாது, பள்ளிக்கும் ஓட்டக் கூடாது.

மாநிலம் மாறி வந்தவர்கள் பழைய மாநிலத்திலிருந்தும் இங்கேயிருந்தும் ஓட்டுநர் வரலாற்றுப் பதிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதற்கு 15 டாலர்தான். இங்கே குடிபோதை வழக்கு வந்தால், வாயைத் திறக்கும் முன் இரண்டையும் வக்கீலிடம் காட்டுங்கள். "அது பழைய கதை, அதை எதுக்குச் சொல்லணும்" என்று மறைப்பவர்களுக்காக எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அப்புறம் குடியுரிமை. நம்மவர் கிரீன் கார்டில் இருந்தார், விண்ணப்பிக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தார். குடியுரிமைக்கு நன்னடத்தை வேண்டும். விண்ணப்பத்துக்காகப் பார்க்கும் காலத்துக்குள், தண்டனை பெற்று மொத்தம் 180 நாளோ அதற்கு மேலோ சிறையில் இருந்தவருக்கு நன்னடத்தை இல்லை என்பது குடியேற்றச் சட்டம். அந்தக் காலம் பெரும்பாலோருக்கு ஐந்து ஆண்டு. எண்ணைப் பாருங்கள், அதே 180. இதைச் சொன்னபோது அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி, மூன்று தாள்களையும் எடுத்துத் தேதி வரிசையில் அடுக்கிவிட்டு, "இங்க ரோடு டெஸ்டுக்கு எங்க சார் பதியணும்?" என்று கேட்டார்.