துணிச் சிறகு: பாட்ரிக் த கயார்டோன் பறந்த விதம்

மொட்டைமாடிக் கொடியில் தலையணை உறை காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வாய்ப்பக்கம் காற்றை நோக்கித் திரும்பியதும், அதுவரை துவண்டு தொங்கிய துணி விம்மிப் புடைத்து, உள்ளே பஞ்சு அடைத்ததுபோல விறைத்து நிற்கும். விரலால் அமுக்கினால் திருப்பித் தள்ளும். காற்று திசை மாறிவிட்டால் மறுபடி வெறும் துணி. விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவர், பிரான்ஸைச் சேர்ந்த பாட்ரிக் த கயார்டோன் இந்த விறைப்பைத்தான் உடம்பில் உடுத்திக்கொண்டு பறந்தார். 1990களில் அவர் உருவாக்கிய விங்சூட் என்ற சிறகாடைதான் இன்றைய சிறகாடைகளுக்கெல்லாம் முன்னோடி.

சிறகு கட்டிக் குதித்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. பலர் உயிரோடு திரும்பவில்லை. அமெரிக்கரான கிளெம் சோன் 1937 ஏப்ரலில் பாரிஸை அடுத்த வின்சென்னில் கூட்டத்தின் கண்முன்னே விழுந்து இறந்தார். பிரெஞ்சுக்காரரான லியோ வாலந்தின் 1956 மே மாதம் லிவர்பூலில் குதித்தபோது அவருடைய மரச் சிறகு விமானத்தில் மோதிச் சேதமாயிற்று. பாராசூட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. கம்பி, கட்டை, சட்டம் என்று விறைப்பான எதை உடம்போடு கட்டினாலும் இந்தத் தொல்லைதான். அது மடங்காது, இடிக்கும், பாராசூட் விரியும் வழியில் குறுக்கே நிற்கும்.

கயார்டோன் சட்டத்தையே தூக்கி எறிந்தார். செவ்வக வடிவ நவீன பாராசூட்டுகளில் டோமினா ஜால்பெர்ட் என்ற கண்டுபிடிப்பாளர் 1960களிலேயே புகுத்திய உத்தி ஒன்று இருந்தது: இரண்டு அடுக்குத் துணி, நடுவே தடுப்புத் தையல்கள், காற்று புகுவதற்கு வாய். எதிர்க்காற்று உள்ளே புகுந்து அழுத்தும்போது துணி தானாகவே இறக்கையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். கயார்டோன் அதைச் சிறிதாக்கி, கைக்கும் விலாவுக்கும் இடையே இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என மூன்று சிறகுகளாகத் தைத்தார். கையை மடக்கினால் சிறகும் மடங்கும்.

வயிற்றைத் தரைக்குக் காட்டி விழும் ஒருவரின் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டரில் நின்றுவிடும். உடலின் எடையும் காற்றின் தடையும் அங்கே சமமாகிவிடுகின்றன. சிறகாடை இதற்கு மேல் ஒரு வேலை செய்கிறது. வரும் காற்றைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பிவிடுகிறது. காற்று கீழே தள்ளப்படும்போது மனிதர் மேலே தாங்கப்படுகிறார். விழும் ஆற்றலில் பெரும்பங்கு முன்னே செல்லும் ஓட்டமாக மாறுகிறது. இன்றைய நல்ல உடைகளில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டு, இரண்டரை மீட்டர் முன்னே போகலாம். 4,000 மீட்டரிலிருந்து குதித்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும் விழுதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு நீள்கிறது.

1997இல் அவர் செய்ததைக் கேட்டால் முதலில் நம்ப முடியாது. பிலாட்டஸ் போர்ட்டர் என்ற சிறு விமானத்திலிருந்து குதித்து, அந்தரத்தில் பறந்து, அதே விமானத்துக்குள் திரும்ப ஏறினார். விமானம் முன்னே போய்க்கொண்டிருக்க, விழுகிறவர் எப்படிப் பிடிப்பது? போர்ட்டரின் குணம் இங்கே உதவியது. அதன் முன்விசிறியின் தகடுகள் சாய்ந்திருக்கும் கோணத்தை மாற்றி அதையே பிரேக் போலப் பயன்படுத்த முடியும். வேகம் எகிறாமல் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கக்கூடிய விமானம் அது. விமானி அதைச் சரியவிட்டு இறக்க, கயார்டோன் தன் சரிவை அதோடு ஒட்டினார். இருவரின் முன்வேகமும் இறங்கு வேகமும் ஒன்றாகும்போது, ஒருவருக்கு மற்றவர் நகராமல் நிற்பதுபோலத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு ரயில்களின் ஜன்னல்கள் மாதிரி. அதன்பிறகு மிச்சமிருப்பது ஒரு வாசல், அதைப் பிடிக்க ஒரு கை.

காலில் பலகை கட்டிக் காற்றில் சறுக்கும் ஸ்கைசர்ஃபிங்கிலும் அவர் முன்னோடி. 1995இல் மாஸ்கோவுக்கு மேலே 12,700 மீட்டரிலிருந்து ஆக்சிஜன் கருவி இல்லாமல் குதித்தார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. நினைவு தப்புவதற்கு முன் கிடைப்பவை சில நொடிகள்தான்.

இப்படிப்பட்டவர் 1998 ஏப்ரல் 13 அன்று ஹவாயில் இறந்தார். வயது 38. முதுகில் சுமக்கும் பாராசூட் பையில் தான் செய்த மாற்றம் ஒன்றைச் சோதிக்கக் குதித்தார். அந்த வேலையில் நேர்ந்த பொருத்துப் பிழை முதன்மை பாராசூட்டைக் கெடுத்துவிட்டது.

பையில் எதற்காகக் கைவைக்க வேண்டும் என்று தோன்றலாம். பறக்கும் உடலுக்குப் பின்புறம் காற்று சீராக ஓடுவதில்லை. முதுகுக்கு மேல் அழுத்தம் குறைந்து சுழல் உண்டாகும். பாராசூட்டை வெளியே இழுக்கும் சின்னக் குடை அந்தச் சுழலில் சிக்கினால் பிடிப்பில்லாமல் துள்ளும். சிறகாடையில் உடலே அகலமாகிவிடுவதால் சுழலும் பெரிது. பையின் வடிவமும் கீழ் ஓரங்களும் அங்கே இறக்கையின் பகுதியாகிவிடுகின்றன. எனவே சிறகைச் சீர்செய்ய நினைப்பவரின் கை பைக்கும் போகாமல் இருக்காது.

அந்தப் பையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தோளில் மூன்று உலோக வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து மடிக்கப்பட்டிருக்கும். பெரியது உடல் பட்டையோடு, மற்ற இரண்டும் பாராசூட் பட்டையோடு. கடைசிச் சின்ன வளையத்தை ஒரு நூல் கண்ணி பிடித்திருக்கும். கண்ணிக்குள் வழவழப்பான ஒரு கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல்போல வேலை செய்வதால், ஒரு மனிதரின் எடை தொங்கும்போதும் கண்ணியில் விழும் இழுவை மிகச் சிறியது. பில் பூத் 1970களில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. முதன்மை பாராசூட் சிக்கினால் வலப்பக்கப் பிடியை இழுக்க வேண்டும். கேபிள் உருவும், வளையங்கள் கவிழும், கெட்ட பாராசூட் பறந்து போகும். அடுத்து இடப்பக்கப் பிடி. மாற்று பாராசூட் விரியும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றை நம்பியிருக்கிறது. பாராசூட்டையும் மனிதரையும் இணைப்பவை அந்த வளையங்கள் மட்டும்தான் என்பதை. பென்சிலைவிட மெல்லிய கயிறு ஒன்று வேறெங்காவது பையோடு பிடிபட்டிருந்தால், வளையங்கள் கவிழ்ந்த பிறகும் கெட்ட பாராசூட் விலகாது. மேலே எழும் மாற்று பாராசூட்டின் பாதையிலேயே அது அலையடித்துக் கொண்டிருக்கும். பைக்குள் துணி மடல்களும் கயிறுகளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. அவருக்கு எமனாக வந்தது மாஸ்கோ வானமுமில்லை, போர்ட்டரின் விசிறியுமில்லை. தரையில் உட்கார்ந்து பையில் பார்த்த வேலை.

அடுத்த ஆண்டே, 1999இல், பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோவேஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து பொதுமக்கள் வாங்கக்கூடிய சிறகாடையைக் கொண்டுவந்தார்கள். பயிற்சி முறைகளும் கூடவே வளர்ந்தன. அமெரிக்காவில் இன்று முதல் சிறகாடைக் குதிப்புக்கு முன் குறைந்தது 200 குதிப்புகள் முடித்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

விமானத்துக்குத் திரும்பிய அந்தப் பறத்தலுக்கு 20 ஆண்டு நிறைந்தபோது, 2017இல், பிரெஞ்சுக்காரர்களான ஃப்ரெட் ஃபூஜனும் வின்ஸ் ரெஃபேவும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் சிகரத்திலிருந்து சிறகாடையில் குதித்தார்கள். கீழே பள்ளத்தாக்கை நோக்கி ஒரு பிலாட்டஸ் போர்ட்டர் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. கயார்டோனுக்கு வணக்கமாக, ஒருவர் பின் ஒருவராக இருவரும் அதற்குள் நுழைந்தார்கள்.