உமன்ஸ் டே பேச்சு கேட்டாச்சா, இப்ப அப்ரைசல் ஃபார்ம தொறங்க

மார்ச் வந்துட்டா பெங்களூர்ல எங்கள மாதிரி ட்ரெய்னர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மான்யதா, ஒயிட்ஃபீல்ட், எலக்ட்ரானிக் சிட்டின்னு எல்லா கேம்பஸ்லயும் பெண்களுக்கு ஒரு மோட்டிவேஷன் பேச்சு வேணும்னு கேப்பாங்க, ஒரு மணி நேரம், முடிஞ்சதும் குரூப் போட்டோ. நான் பல வருஷமா இந்த மேடைகள்ல பேசிட்டு இருக்கேன், மத்த மாசங்கள்ல பெண்கள் மேனேஜர் லெவலுக்கு வர்றதுக்கு கோச்சிங் குடுக்குறேன். ரெண்டையும் சேர்த்து பாக்குறப்ப ஒண்ணு தெளிவா தெரியுது. நம்ம பொண்ணுங்களுக்கு உத்வேகம் பத்தலன்னு நினைச்சு தான் இந்த பேச்செல்லாம் ஏற்பாடு ஆகுது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து புள்ளைக்கு டிபன் கட்டி குடுத்துட்டு ஓசூர்ல கம்பெனி பஸ் பிடிச்சு அத்திப்பள்ளி டிராஃபிக்க தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வந்து சேர்றவளுக்கு உத்வேகத்துக்கு என்னங்க குறைச்சல்? ப்ரமோஷன் பத்தி பேசுற ரூம்ல அவ பேர எடுத்து சொல்ல ஒரு ஆள் இல்ல, அது தான் அவளுக்கு குறை.

சந்திரயான்-2 கதைய எல்லா மேடையிலயும் சொல்றாங்க. 2019 ஜூலை 22 கிளம்பின அந்த மிஷனுக்கு ப்ராஜெக்ட் டைரக்டர் வனிதா முத்தையா, சென்னையில பிறந்தவங்க, இஸ்ரோவோட நம்ம பெங்களூர் சாட்டிலைட் சென்டர்ல அடிமட்ட இன்ஜினியரா ஹார்ட்வேர் டெஸ்டிங்ல இருந்து படிப்படியா வந்தவங்க. "அவங்களால முடிஞ்சது உங்களால முடியாதா"ன்னு கேட்டு கைதட்டு வாங்கிட்டு பேச்சாளர் கீழ இறங்கிடுவார். அந்தக் கதையில எனக்கு முக்கியமா படுறது வேற இடம். அந்த பொறுப்ப ஏத்துக்க வனிதா முதல்ல தயங்கினாங்க, அப்ப சென்டர் டைரக்டரா இருந்த மயில்சாமி அண்ணாதுரை தான் அவங்க கிட்ட பேசி சம்மதிக்க வச்சார். அவ்ளோ திறமை, அவ்ளோ வருஷ அனுபவம் இருந்தும் ஒருத்தர் முன்ன வந்து நீங்க தான் பண்ணணும்னு சொல்ல வேண்டியிருந்தது. ஆபீஸ்ல இவங்கள ஸ்பான்சர்னு சொல்வாங்க. அட்வைஸ் குடுக்குற மென்டர் நிறைய பேருக்கு கிடைப்பாங்க, நாம இல்லாத இடத்துல நமக்காக தன் பேர பணயம் வச்சு பேசுறவங்க கிடைக்கிறது தான் கஷ்டம்.

ரொம்ப பேர் சறுக்குறது உச்சியில இல்ல, முதல் படியிலயே தான். மெக்கின்ஸி நிறுவனமும் லீன் இன் அமைப்பும் 2015ல இருந்து அமெரிக்க கம்பெனிகள்ல வருஷா வருஷம் எடுக்குற கணக்குல, 2024ல 100 ஆண்கள் முதல் தடவை மேனேஜரா ப்ரமோட் ஆனப்ப பெண்கள் 81 பேர் தான். முதல் படியிலயே இவ்ளோ பேர் விட்டுப் போச்சுன்னா மேல டைரக்டர் லெவலுக்கு ஆள் எங்க இருந்து வரும்? நம்ம ஊர் கம்பெனிகளுக்குள்ள நான் பாக்குறதும் இதே தான், டீம்ல பாதிப் பேர் பெண்களா இருப்பாங்க, டீம் லீட் லிஸ்ட்ட பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம்.

ஏன் அங்கயே நிக்குதுன்னு கேட்டா, எனக்கு தெரிஞ்ச பெரிய காரணம் கணக்குல வராத வேலைகள். மீட்டிங் மினிட்ஸ் எழுதுறது, புதுசா வந்த பிள்ளைக்கு ஐடி கார்டுல இருந்து கேன்டீன் வரைக்கும் காட்டுறது, பர்த்டே கேக், ஆயுத பூஜைக்கு கோலம், அட அந்த உமன்ஸ் டே ஏற்பாடு கூட. இதெல்லாம் யாராவது பண்ணித் தான் ஆகணும், ஆனா வருஷா வருஷம் நம்ம வேலைய எடை போடுற அப்ரைசல்ல இதுக்கு ஒரு மார்க்கும் கிடையாது. அமெரிக்க பொருளாதார ஆராய்ச்சியாளர் லிண்டா பாப்காக்கும் அவங்க கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூணு பேர ஒரு குழுவா சேர்த்து ரெண்டு நிமிஷம் டைம் குடுத்தாங்க, யாராவது ஒருத்தர் பட்டன அழுத்தினா அவருக்கு 1.25 டாலர், சும்மா இருந்த மத்த ரெண்டு பேருக்கும் 2 டாலர், யாருமே அழுத்தலன்னா எல்லாருக்கும் 1 டாலர் தான். ஆணும் பெண்ணும் கலந்து இருந்த குழுக்கள்ல பெண்கள் 48 சதவீதம் அதிகமா முன்ன வந்து பட்டன அழுத்தினாங்க. முழுக்க ஆண்களே இருந்த குழுவுல என்ன ஆச்சு தெரியுமா, அவங்களும் பெண்கள் குழு அளவுக்கு அழுத்தத் தான் செஞ்சாங்க! அதாவது பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா "அவ பாத்துப்பா"ன்னு எல்லாரும் எதிர்பாக்குறாங்க, அவளும் அப்படித் தான் நினைக்கிறா. இன்னொரு சுத்துல ஒருத்தர மேனேஜரா வச்சு, பட்டன அழுத்த சொல்லி குழுவுல யார கேக்குறாங்கன்னு பாத்தா, பெண்கள் கிட்ட 44 சதவீதம் அதிகமா கேட்டாங்க, கேட்டவர் ஆணா பெண்ணாங்கறதுல வித்தியாசமே இல்ல.

அதனால மேடையில ஏறி "நோ சொல்ல கத்துக்கோங்க"ன்னு பெண்களுக்கு மட்டும் சொல்லிட்டு வர்றது எனக்கு நியாயமா படல. நோ சொன்னா அவளுக்கு டீம் ஸ்பிரிட் இல்லன்னு பேர் வரும், அந்த பாரத்தையும் அவளே சுமக்கணுமா? மேனேஜர் தான் மினிட்ஸ எல்லாரும் மாத்தி மாத்தி எழுதற மாதிரி ஒரு ஏற்பாடு வைக்கணும், வாரத்துக்கு ஒருத்தர், பேர் வரிசைப்படி, சீனியரும் உண்டு. செலவே இல்லாத ஏற்பாடு, நான் போற கம்பெனிகள்ல முதல்ல கேக்குறது இத தான்.

சரி, பொண்ணுங்க தங்கள் கையில இருக்கறதா என்ன பண்ணலாம்? காலிபரேஷன் மீட்டிங், அதாவது யாருக்கு என்ன ரேட்டிங்னு மேனேஜருங்க சேர்ந்து முடிவு பண்ற கூட்டம், எப்படி நடக்குதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, இத யாரும் பேச்சுல சொல்றதே இல்ல. நாலஞ்சு மேனேஜருங்க ஒரு ரூம்ல உக்காருவாங்க, ஹெச்ஆர் இருப்பாங்க, டாப் ரேட்டிங் இத்தனை தான்னு ஒரு அளவு இருக்கும், ஒரு ஆளுக்கு சில நிமிஷம் தான் கிடைக்கும். உங்க மேனேஜர் அந்த நேரத்துல உங்க ஃபார்ம்ல இருந்து எடுத்து பேசுவார். அதுல ஒண்ணும் இல்லன்னா அடுத்த பேருக்கு போயிடுவாங்க, உங்க மேல பகையெல்லாம் இல்ல, பேச கையில ஒண்ணும் இல்ல அவ்ளோதான்.

தர்மபுரி பக்கத்துல இருந்து வந்து இங்க டெஸ்டிங்ல சீனியரா இருக்கற ஒருத்தங்க எங்கிட்ட ஃபார்ம காட்டினாங்க. ஒரு வருஷ உழைப்புக்கு "ரிலீஸ் சமயத்தில் டீமுக்கு சப்போர்ட் செய்தேன்"ன்னு ஒரே வரி. என்ன சப்போர்ட்டுங்கன்னு கேட்டா சாதாரணமா சொல்றாங்க, பேமென்ட் சாஃப்ட்வேர் ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு பணம் ரெண்டு தடவை கட் ஆகறத கண்டுபிடிச்சது இவங்க, லீட் போன் எடுக்கல, ரோல்பேக் பண்ணுங்க, அதாவது பழைய வெர்ஷனுக்கே திரும்புங்கன்னு முடிவெடுத்து கிளையன்ட்டுக்கு மெயில் போட்டதும் இவங்க. "எல்லாரும் சேர்ந்து தானே மேடம் பண்ணோம்"னாங்க. அந்த ராத்திரி சாட்ட தேடி எடுக்க சொன்னேன், "ரோல்பேக் போலாம், நான் பொறுப்பு"ன்னு அவங்க போட்ட மெசேஜ் டைமோட அப்படியே இருந்துச்சு. என்ன பிரச்சனை, நான் என்ன முடிவெடுத்தேன், அதனால என்ன ஆச்சுன்னு மூணு வரியா மாத்தி எழுதினோம். அந்த வருஷம் அவங்களுக்கு ப்ரமோஷன் வரல, உண்மைய சொல்லணும்ல. ஆனா மேனேஜர் அந்த மூணு வரிய மீட்டிங்ல அப்படியே படிச்சிருக்கார், அடுத்த ரிலீஸுக்கு லீட் அவங்கன்னு முடிவாச்சு.

ட்ரெய்னிங்கே வேஸ்ட்டுன்னு நான் சொல்ல வரல. பெங்களூர் கார்மென்ட் ஃபேக்டரிகள்ல தையல் வேலை பாக்குற பெண்களுக்கு பேச்சுத்திறன், நேரத்த பிரிச்சுக்கறது, பிரச்சனைய எடுத்து சொல்றதுன்னு சுமார் 80 மணி நேரம் பயிற்சி குடுத்து பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அளந்து பாத்தாங்க. அவங்க வேலைத்திறன் நல்லாவே ஏறிச்சு, பயிற்சி முடிஞ்ச சில மாசத்துக்குள்ள கம்பெனிக்கு போட்ட பணத்துக்கு மேல 250 சதவீதம் லாபம். அந்த பெண்களோட சம்பளம்? அரை சதவீதம் தான் ஏறிச்சு. எனக்கு இத படிச்சப்ப வயிறு எரிஞ்சது. கத்துக்கறது அவங்க, பலன் வேற இடத்துக்கு போகுதுன்னா, கத்துக் குடுக்கறப்பவே கேக்கவும் கத்துக் குடுக்கணும், அந்த லைன்ல சூப்பர்வைசர் இடம் காலியானா இவங்கள தான் முதல்ல பாக்கணும்னு நிர்வாகத்து கிட்ட எழுதி வாங்கணும்.

பிரசவத்துக்கு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. மகப்பேறு சட்டத்துல 2017ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல க்ரெச்னு குழந்தைய பாத்துக்கற இடம், நாளைக்கு நாலு தடவை போய் குழந்தைய பாக்கலாம், இது உங்க உரிமை, ஹெச்ஆர் காட்டுற தயவு இல்ல. லீவுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வருஷம் முடிச்ச வேலை எல்லாத்தையும் ஒரு மெயிலா எழுதி மேனேஜருக்கு அனுப்பிட்டு போங்க, அப்ரைசல் வர்றப்ப நீங்க சீட்ல இருக்க மாட்டீங்க, மெயில் இருக்கும். அருந்ததி பட்டாச்சார்யா 2013ல ஸ்டேட் பேங்க்கோட முதல் பெண் சேர்பெர்சன் ஆனாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, அவங்க காலத்துல குழந்தைகளையோ வயசான பெத்தவங்களையோ பாத்துக்க பெண் ஊழியர்களுக்கு ரெண்டு வருஷம் வரை சபாட்டிக்கல்னு நீண்ட லீவு வந்துச்சு, அதையும் சேர்த்து சொல்லுங்க. தலைமைக்கு வந்தவங்க அந்த நாற்காலிய வச்சு என்ன பண்ணாங்கங்கறது தானே கீழ இருக்கறவங்களுக்கு வேணும்.

அதனால பேச்சு ஏற்பாடு பண்ற ஹெச்ஆர் தோழிகளுக்கு என் வேண்டுகோள். மார்ச் 8 அன்னைக்கே வைக்கணும்னு கட்டாயம் இல்ல, அப்ரைசல் ஃபார்ம் க்ளோஸ் ஆகறதுக்கு ஒரு பத்து நாள் முன்னாடி வைங்க. ஆண் மேனேஜர்களையும் கட்டாயம் உக்கார வைங்க, பேர் சொல்ற அதிகாரம் இன்னைக்கு அவங்க கிட்ட தான் இருக்கு. அரை மணி நேரம் பேச்சு போதும், மீதி அரை மணி லேப்டாப்ப தொறந்து ஃபார்ம் எழுதட்டும். வர்ற பேச்சாளருக்கு ஒரு வாரம் முன்னாடியே இந்தக் கேள்விய அனுப்பி வச்சிடுங்க: உங்க முதல் ப்ரமோஷன் அப்ப ரூம்ல உங்க பேர சொன்னது யாரு, அவர் கையில அப்ப உங்கள பத்தி என்ன இருந்துச்சு?