ஆட்டோரொட்டேஷன்: தன்சுழல் இறக்கம்

எஞ்சின் நின்றுபோன ஹெலிகாப்டரைக் கீழிருந்து மேலேறும் காற்றாலேயே விசிறி சுழலும்படி விட்டு இறக்குவதுதான் ஆட்டோரொட்டேஷன். ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்கள் சுருக்கமாக ‘ஆட்டோ’ என்பார்கள்.

கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் தான். லத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். (மூன்று சக்கர ஆட்டோவிலும் இருப்பது அதே கிரேக்கச் சொல்தான்.) ஸ்பெயினின் ஹுவான் தெ லா சியெர்வா 1923-இல் பறக்கவிட்ட, மேலே விசிறி வைத்த விமானமான ஆட்டோஜைரோவின் விசிறியும் பறக்கும்போது காற்றால்தான் சுழன்றது.

மாடல் ஹெலிகாப்டரில் ‘த்ராட்டில் ஹோல்டு’ சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓய்ந்துவிடும். பெரிய பல்சக்கரத்தில் உள்ள ஒருவழி பேரிங், விசிறியை மோட்டாரிலிருந்து விடுவித்துவிடும். உடனே கலெக்டிவ் பிட்சை, அதாவது எல்லா பிளேடுகளும் ஒன்றாகச் சாயும் கோணத்தை, சற்று மைனஸுக்கு இறக்க வேண்டும். பயத்தில் ஸ்டிக்கை மேலே பிடித்துக்கொண்டிருந்தால் சுழற்சி செத்துவிடும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கினால் முன்வேகம் குறையும், சுழற்சி கொஞ்சம் கூடும். பிறகு மட்டமாக்கி, பிட்சைக் கூட்டி மெதுவாக உட்கார வைக்க வேண்டும். பிளேடுகளில் சேர்ந்திருக்கும் வேகம் அந்த ஒரு தடவைக்குத்தான். அவசரப்பட்டு மேலேயே செலவழித்தால், மிச்ச உயரத்துக்குத் தொப்பென்று விழ வேண்டியதுதான்.

புதிதாகக் கற்பவர்கள் ஹெலிகாப்டரைக் கணுக்கால் உயரத்தில் அந்தரத்தில் நிறுத்தி ஹோல்டைத் தட்டிப் பழகலாம். அப்புறம் எதிர்காற்றில் உயரத்திலிருந்து இறங்கி, தரைக்கு முன்பே பவரைத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்கும் பயிற்சி. இதற்கு மோட்டார் சட்டென்று வேகமெடுக்கும் ‘பெயில்அவுட்’ செட்டிங் வேண்டும். பிட்ச் மாறாத சின்ன ஹெலிகாப்டர்களில் இதெல்லாம் நடக்காது.

சரி, தமிழில்? ‘தற்சுழற்சி’ என்றால் பூமி தன் அச்சில் சுழல்வதுதான் நினைவுக்கு வரும். இறங்குவது அதில் இல்லை. ‘தானியங்கிச் சுழற்சி’ இன்னும் மோசம், ஏதோ இயந்திரம் ஓட்டுவதுபோலத் தொனிக்கிறது. ‘தன்சுழல் இறக்கம்’ பொருந்துகிறது. சுழற்றுவது காற்றாயிற்றே, ‘தன்’ எதற்கு என்று கேட்கலாம். காற்றில் திறந்த கதவையும் தானாகத் திறந்தது என்றுதானே சொல்கிறோம்? விசிறியின் சுழற்சியை மட்டும் குறிக்க ‘தன்சுழல்’ போதும்.

பயன்பாடு: ‘பாதி வழியில் மோட்டார் நின்றுவிட்டது, தன்சுழலில் இறக்கிவிட்டான்.’