கரிம ஒயினா, உயிர்ம ஒயினா?

சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவில் ஒரு குடும்பத்தார் நடத்திவரும் தோட்டத்துச் சிவப்பு ஒயினைப் பற்றிய தமிழ்க் குறிப்பொன்றை அண்மையில் படித்தேன். ‘எரிமலை மண்ணில் அமைந்த கரிமத் திராட்சைத் தோட்டம்’ என்றிருந்தது. உடன் படித்த நண்பர், “மண்ணில் கரித்தூள் கலந்து பயிரிடுகிறார்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ‘ஆர்கானிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் போட்ட ‘கரிம’ என்ற அந்தச் சொல் அப்படித்தான் எண்ண வைக்கும்.

‘ஆர்கனான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கருவி என்பது பொருள். அது உடலுறுப்பைக் குறித்து, பின் உறுப்புகள் கூடி இயங்கும் உயிரிக்கு உரியதாகி, ‘ஆர்கானிக்’ ஆயிற்று. உயிரிகளிலிருந்து கிடைத்த சேர்மங்களுக்கு வேதியியலார் அதைச் சூட்டினர். அவை கார்பன் சேர்மங்கள் என்பதால் தமிழில் ‘கரிம வேதியியல்’ என்கிறோம், அது சரியே. வேளாண்மைக்கு இச்சொல் வந்த வழி வேறு. 1940இல் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு, மண்ணும் பயிரும் கால்நடையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஓர் உயிருடலாகப் பண்ணையைக் கண்டு அச்சொல்லை எடுத்தாண்டார். கார்பனுக்கு அங்கே இடமில்லை.

‘கரிம வேளாண்மை’ என்பதைச் சொல்லுக்குச் சொல் நம்பினால் என்ன ஆகும்? யூரியா ஒரு கரிமச் சேர்மம். 1828இல் ஜெர்மன் வேதியியலார் வோலர் அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதே கரிம வேதியியலின் முதற்பாடம். ஆனால் செயற்கை உரத்தையும் செயற்கைப் பூச்சிக்கொல்லியையும் விலக்கும் இம்முறையில் விளைவிக்கும் தோட்டத்துக்குள் யூரியா மூட்டை நுழையக் கூடாது. விலக்கப்பட்ட செயற்கைப் பூச்சிக்கொல்லிகளிலும் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்களே. மாறாக, சாம்பல் நோய்க்கு அங்கே தூவும் கந்தகத்தில் கரிமம் இல்லை. அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கும், இலையில் நீலத்திட்டாகப் படியும் போர்டோ கலவையில் உள்ள, செம்புச் சேர்மமான மயில்துத்தத்திலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் செம்புக்கு எக்டருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என வரம்பு கட்டியிருக்கிறதே தவிர விலக்கவில்லை. ஆக, கரிமமானது வெளியேயும் கரிமமற்றது உள்ளேயும் இருக்கும் தோட்டத்துக்குக் ‘கரிம’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒயினிலுள்ள எத்தனாலும் கரிமச் சேர்மம் என்பதால், அந்தக் கணக்கில் உலகின் எல்லா ஒயினும் கரிம ஒயின்தான். எட்னாவின் கருமண்ணோ எரிமலைக் குழம்பும் சாம்பலும் சிதைந்து உண்டானது. அதன் கருமைக்கும் கரிக்கும் உறவில்லை. அந்த மண்ணை அடுத்து ‘கரிம’ என்று எழுதுவது வாசகரை இருமுறை ஏமாற்றுவதாகும்.

‘கரிம’ என்பதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ‘இயற்கை’ என்பது உழவர் வாயில் புழங்கும் இனிய சொல். நெல்லுக்கும் காய்கறிக்கும் அதை நான் மறுக்க மாட்டேன். ஒயினுக்கு மட்டும் அது பொருந்தாது. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல், ஒயின் கெடாமல் காக்கும் கந்தக டைஆக்சைடைத் தவிர்த்தோ மிகக் குறைத்தோ செய்வதை ‘இயற்கை ஒயின்’ என்று தனியே அழைக்கிறார்கள். 2012 முதல் ஐரோப்பிய விதிப்படி ஆர்கானிக் முத்திரை பெறும் இனிப்பற்ற சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை கந்தக டைஆக்சைடு இருக்கலாம். சாதாரண ஒயினுக்கு அது 150. ஆர்கானிக் ஒயினையும் இயற்கை ஒயினையும் ஒரே சொல்லால் குறித்தால் வேறுபாடே மறைந்துவிடும். ‘அங்கக’ என்பதோ உறுப்பு என்ற பொருளை வடசொல்லில் பெயர்த்ததோடு நின்றுவிடுகிறது. ‘உயிர்ம’ என்பதே, பண்ணை ஓர் உயிர் என்ற மூலக்கருத்தைத் தமிழ் வேரிலிருந்து சொல்கிறது.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கமே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். துறை எதுவென்று கேட்காத மொழிபெயர்ப்பாளர், மண்ணின் கரிம அளவைச் சொல்லும் இடத்தில் பொருந்தும் சொல்லையே சாகுபடி முறைக்கும் போட்டுவிடுகிறார். ‘திராட்சை ரசம்’ என்று ஒயினை எழுதுவதும் இதே அவசரம்தான். ரசம் என்றால் சாறு, புளித்துத் தெளிந்த மது அன்று. யவனர் நன்கலத்தில் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு ‘தேறல்’ என்று தெளிவாகப் பெயரிட்டிருக்கிறது.

அந்தக் குறிப்பை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘எட்னாவின் எரிமலை மண்ணில், ஒரு குடும்பத்தார் உயிர்ம முறையில் வளர்க்கும் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சையின் செந்தேறல்.’