இன்டரப்டில் ஓடும் நிரல் மல்டித்ரெட்டிங் ஆகுமா?

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துப் பனிக்கட்டி அறைகளுக்கு வெப்பநிலை எச்சரிக்கைக் கருவி செய்யும் இளம் பொறியியலாளர் ஒருவர், அமெரிக்க வாங்குநர் அனுப்பிய ஒப்பந்தத்துடன் என்னிடம் வந்தார். மல்டித்ரெட்டிங் (ஒரு நிரலின் பல ஓட்டங்களை மாற்றிமாற்றி ஓடவிடும் முறை) தொடர்பான எவரது காப்புரிமையையும் கருவி மீறவில்லை என்று அவர் கையெழுத்திட்டு உறுதியளிக்க வேண்டுமாம். அவருடைய நிரலில் இருந்தவை ஒரு டைமர் இன்டரப்டும் ஒரு பொத்தான் இன்டரப்டும் மட்டுமே; இன்டரப்ட் என்பது, ஓடும் நிரலை இடைமறித்து வேறொரு சிறு நிரலை ஓடவைக்கும் சைகை. விற்பனைத் துண்டுப்பிரசுரத்திலோ "மல்டித்ரெட் தொழில்நுட்பம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார். தேவையற்ற அந்தச் சொல்லை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருக்கெதிரான சான்றாகவே முன்வைக்கக்கூடும்.

அர்டுயினோ யூனோ என்ற சிறு கணினிப் பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் இன்டரப்ட் வந்ததும், அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரி ஸ்டாக் எனும் தற்காலிக நினைவகப் பகுதியில் சேமிக்கப்படுகிறது. இன்டரப்டுக்கான சேவை நிரல் ஓடி முடிந்த பின்னரே பிரதான நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இரண்டுக்கும் ஸ்டாக் ஒன்றுதான். சேவை நிரலைப் பாதியில் ஒதுக்கிவைத்து, வேறொன்றை ஓடவிட்டு, பிறகு அதற்குத் திரும்பும் ஷெட்யூலர் அங்கே இல்லை. ஆகவே இதை மல்டித்ரெட்டிங் என்று பொறியியலாளர் எவரும் வழக்கமாகச் சொல்வதில்லை. ஆனால் அதே நிரலை ஈஎஸ்பி32 பலகைக்கு மாற்றினால் விடையும் மாறக்கூடும்: அங்கே அர்டுயினோவின் லூப் பகுதியே ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளத்தின் கீழ், தனக்கென ஸ்டாக் கொண்ட ஒரு டாஸ்க்காக (தனிப் பணியாக) ஓடுகிறது. டாஸ்க்குகளை மாற்றிமாற்றி ஓடவிடும் ஷெட்யூலரை உசுப்புவதும் ஒரு டைமர் இன்டரப்டே என்பதால்தான் குழப்பம் எழுகிறது.

நீதிமன்றம் இந்தப் பெயரைத் தனியே எடுத்து ஆராய்வதில்லை. 2005இல் பிலிப்ஸ் வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியபடி, காப்புரிமை எதைப் பாதுகாக்கிறது என்று வரையறுக்கும் உரிமைக்கோரலின் சொல்லுக்கு, கண்டுபிடிப்பின் காலத்தில் அத்துறை சார்ந்தவர் கொண்டிருந்த பொருளே, அந்தக் காப்புரிமை ஆவணத்தின் விவரக்குறிப்பின் வெளிச்சத்தில் தரப்படும். மல்டித்ரெட்டிங் தொடர்பாக மைக்ரோசாஃப்டுக்கு எதிராக 1998இல் வழக்குத் தொடுத்த ஒரு கண்டுபிடிப்பாளரின் காப்புரிமைகள் 1997இல் வழங்கப்பட்டவை. அவற்றின் மூல விண்ணப்பமோ 1982ஐச் சேர்ந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஓடிக்கொண்டிருக்கும்போது விசையழுத்தம் அதை இடைநிறுத்தி, நிரலை எழுதித் திருத்தும் எடிட்டரை ஓடவைத்து, மீண்டும் கம்பைலருக்குத் திரும்புவதே அதிலிருந்த அமைப்பு. இன்டரப்டுக்கும் த்ரெட்டுக்கும் இடையிலான எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மல்டித்ரெட்டிங் என்ற சொல்லின் பொருளை அகலமாக்கினால் அது காப்புரிமை வைத்திருக்கும் ஒருவரையும் தாக்கும். இன்டரப்ட் இருந்தாலே மல்டித்ரெட்டிங் என்று அவர் வாதாடினால், 1983இல் வெளிவந்த டாஸ் 2.0 இயங்குதளத்தின் பிரின்ட் கட்டளை, பயனர் வேறு வேலை பார்க்கும்போதே பின்னணியில் அச்சிட்டதை எதிர்த்தரப்பு முன்னறிந்த கலையாக (ஏற்கெனவே அறியப்பட்டிருந்த தொழில்நுட்பமாக) எடுத்துக்காட்டலாம். அவருடைய விண்ணப்பத் தேதி அதற்குப் பிந்தியதாக இருந்தால், அந்த அகலமான பொருளே அவரது காப்புரிமையின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்கும்.

அமெரிக்கக் காப்புரிமை இலங்கைக்குள் செல்லாது. இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே பொருந்தும். ஆனால் கருவி அமெரிக்காவில் இறக்குமதியாகி விற்கப்பட்டால் அந்நாட்டுச் சட்டம் பொருந்தும். எனவே அந்த இளைஞரிடம் பிரசுரத்திலிருந்து அந்தச் சொல்லை நீக்கச் சொன்னேன்; எந்தச் சில்லில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதைத் தேதியுடன் பதிந்துவைக்கவும், எந்தக் காப்புரிமையின் எந்த உரிமைக்கோரலைக் கருதுகிறார்கள் என்று வாங்குநரிடம் எழுத்தில் கேட்கவும், பதில் வந்த பின் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தரணி ஒருவர் அதை வரிவரியாக வாசிக்கும்வரை கையெழுத்திடாதிருக்கவும் அறிவுறுத்தினேன்.