கண்ணுக்குத் தப்பும் உடை: விடியுமுன் வீதிக்கு வருவோர் கவனத்துக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து என்னிடம் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர் விடியுமுன்பே சைக்கிளில் வயலுக்குப் புறப்படுகிறவர்கள். கறுத்த சேட்டு, மண்ணிறச் சாரம், பின்விளக்கில்லாத சைக்கிள். இராணுவங்கள் பெருஞ்செலவில் தேடும் மறைவு இவர்களுக்குத் தானாகவே அமைந்துவிடுகிறது. அந்த மறைவுதான் வீதியில் ஆளைக் கொல்கிறது.

வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஓரங்களைத்தான் கண் முதலில் பிடிக்கிறது. தோளின் வளைவு, கையின் கோடு என்று அவற்றை இணைத்தே மூளை 'இது மனிதன்' என்று முடிவுகட்டுகிறது. இராணுவத்தினரின் உருமறைப்பு உடையில் கரும்பட்டைகள் தோள்விளிம்பை வெட்டிக்கொண்டு ஓடுவது அந்த ஓரங்களைக் குலைப்பதற்காகவே. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்கு இக்கலையைக் கற்பித்தவர்களுள் ஹியூ கொட் என்ற விலங்கியலாளரும் ஒருவர்.

பட்டையின் அளவும் முக்கியம். 6/6 பார்வையுள்ளவர், அதாவது வழமையான கூர்மையோடு பார்க்கிறவர், 6 மீற்றர் தூரத்தில் பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 1.75 மில்லிமீற்றர், நான் பயன்படுத்தும் எழுத்துப் பலகையின் கணக்கும் அதுவே. 100 மீற்றரில் அது 3 சென்ரிமீற்றர் ஆகிவிடும். அதைவிடச் சிறிய புள்ளிகள் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். அமெரிக்கத் தரைப்படை 2004இல் கொண்டுவந்த சிறு சதுரப் புள்ளி உடைக்கு நேர்ந்தது இதுதான். தூரத்தில் வெளிறிய ஒரே நிறமாகி ஆளைக் காட்டிக்கொடுத்தது. 2015 முதல் வேறு உடைக்கு மாறினார்கள்.

சிவப்புச் சேட்டு போட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. விழித்திரையில் மங்கல் ஒளியில் வேலை செய்யும் கோல் கலங்களுக்குச் சிவப்பு அநேகமாகப் புலப்படாது, கறுப்பாகவே தெரியும்.

எந்த உருமறைப்பும் அசைவிடம் தோற்கும். சுவீடன் உளவியலாளர் குன்னர் ஜொஹான்சன் 1973இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரிய இருட்டில் ஆட்கள் நடந்தார்கள். பார்த்தவர்கள் கணப்பொழுதில் மனிதர் நடப்பதைக் கண்டுகொண்டார்கள்.

ஆகவே ஒளிதெறிக்கும் பட்டியை முதுகோடு நிறுத்தாமல் இரண்டு கணுக்கால்களிலும் கட்டுங்கள், சாரம் மூடாதபடி. மிதிக்கும்போது அவை மாறிமாறி ஏறி இறங்கும். பின்னால் வரும் பஸ் சாரதி தன் முன்விளக்கு வெளிச்சத்திலேயே ஆள் போவதை அறிந்துகொள்வார். பின்விளக்கையும் இன்றே பூட்டுங்கள். இரவில் வீதியில் படுக்கும் மாடு உங்களுடையதென்றால் அதன் கழுத்துக்கும் ஒரு பட்டி வேண்டும். அசையாமல் கிடக்கும் கறுத்த மாட்டைச் சாரதி கடைசி நொடியில்தான் காண்கிறார்.