மேனுவல் பிரைம் லென்ஸ்: சொல் விளக்கம்

மிரர்லெஸ் கேமராவோடு வந்த கிட் லென்ஸில் கொஞ்ச காலம் படம் எடுத்துப் பழகியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மேனுவல் பிரைம் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்க?" இந்தக் கேள்விக்குப் பின்னால் மூன்று சொற்கள் இருக்கின்றன: பிரைம், ஃபோகஸ், மேனுவல். மூன்றின் பொருளும் சரியாகப் பிடிபட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

முதலில் பிரைம். கல்யாணப் படம் எடுப்பவர்களிடம் "பிரைம் போடுங்க" என்றால் ஜூம் ஆகாத லென்ஸை எடுத்து மாட்டுவார்கள். சிலர் ஃபிக்ஸட் லென்ஸ் என்பார்கள். இன்னும் சிலர் பெயரையே விட்டுவிட்டு "ஐம்பது", "எண்பத்தஞ்சு" என்று எண்ணை மட்டும் சொல்வார்கள். ஆனால் பிரைம் என்ற சொல்லுக்குள் 'ஜூம் ஆகாது' என்ற பொருள் எதுவும் இல்லை. லத்தீனில் ப்ரீமுஸ் என்றால் முதலாவது, அவ்வளவுதான். லென்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது துணை லென்ஸ்களால். அருகில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட முன்னால் ஒரு கண்ணாடி, தொலைவை இழுக்கப் பின்னால் ஒரு கன்வெர்ட்டர் என்று எதையாவது சேர்க்கும்போது, அவை ஒட்டிக்கொள்ளும் மூல லென்ஸைத் தனியாகக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. அதுதான் பிரைம். இன்றும் ஒளியியல் வல்லுநர்கள் அந்தப் பொருளில் அதைப் பயன்படுத்துவதுண்டு.

அப்புறம் ஜூம் வந்தது. சினிமாவில் அது முன்பே இருந்தாலும், புகைப்படக் கேமராவுக்கென்று கடைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ் 1959-இல் வெளியான ஃபோக்ட்லாண்டர் ஸூமார், 36–82 மி.மீ. அதுவரை ஏறக்குறைய எல்லாப் புகைப்பட லென்ஸும் ஒரே குவியத்தூரம் (ஃபோக்கல் லெங்த், லென்ஸில் மி.மீ.யில் பொறித்த அந்த எண்) கொண்டவை என்பதால் யாரும் அதைச் சொல்லிக் காட்டத் தேவைப்படவில்லை. ஜூம் பெருகப் பெருக, ஜூம் ஆகாததற்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. கையருகே கிடந்த பிரைம் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'முதன்மை வில்லை' என்று அப்படியே மாற்றினால் பழைய பொருளுக்குப் பொருந்தும், இன்றைய பொருளைத் தொலைத்துவிடும். படிப்பவர் 'அப்படியானால் இரண்டாம் தர வில்லை எது?' என்று கேட்பார். கணக்கில் பிரைம் நம்பரைத் தமிழ்நாட்டில் பகா எண் என்றும் இலங்கையில் முதன்மை எண் என்றும் படிக்கிறோம். இரண்டுமே இங்கே உதவாது. 'நிலைக்குவிய வில்லை' என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு குழி உண்டு. குவியம் நிலையாக இருப்பது வேறு, குவியத்தூரம் நிலையாக இருப்பது வேறு. பழைய பெட்டிக் கேமராக்களில் திருப்ப வளையமே கிடையாது, அவைதான் நிலைக்குவியம். நம் பிரைமில் குவியத்தைத் திருப்பித் திருப்பித்தான் படமே எடுக்கிறோம். ஆகவே 'ஒற்றைக் குவியத்தூர வில்லை' என்பது என் தேர்வு. நீளம்தான், ஆனால் தப்பு இல்லை. எழுத்தில் ஒருமுறை அதைச் சொல்லிவிட்டு அப்புறம் பிரைம் என்றே எழுதிப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வில்லை நல்ல சொல். சந்தன வில்லை, கற்பூர வில்லை, சேவகர் மார்பில் குத்திக்கொண்ட பித்தளை வில்லை என்று வட்டமும் தட்டையுமான எதற்கும் பழகிய சொல் அது. இலங்கைப் பாடநூல்கள் அதையே எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குவிலென்சு, குழிலென்சு என்று போயின. லென்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் வடிவம்தான் மூலம்: அது நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்குவதன் பெயர். தோல் நீக்காத முழுப் பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் இருபுறமும் புடைத்த குவிலென்சு அப்படியே தெரியும். ஆனால் கேமராவில் மாட்டும் உருளைக்குள் இருப்பது ஒரு வில்லை அல்ல, நாலைந்து முதல் பத்துக்கு மேல் வரை. டெஸார் என்ற புகழ்பெற்ற ஜெர்மானிய வடிவமைப்பின் பெயரே கிரேக்கத்தின் 'நான்கு' என்ற சொல்லிலிருந்து வந்தது. உள்ளே நான்கு வில்லைகள். அதனால் உள்ளிருக்கும் ஒவ்வொன்றையும் வில்லை என்றும், முழு உருளையை லென்ஸ் என்றும் சொல்வது குழப்பத்தைக் குறைக்கும்.

அடுத்தது ஃபோகஸ். லத்தீனில் இதன் பொருள் அடுப்பு. 1604-இல் கெப்லர் தன் ஒளியியல் நூலில் இதை ஒரு கலைச்சொல்லாக்கினார். பூதக்கண்ணாடியால் வெயிலைக் காகிதத்தில் பிடித்துப் புகை வரவைத்த யாருக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகவே படும். தமிழ் வேறு வழியில் போனது: குவி. கரம் குவிப்பது, உதடு குவிப்பது, தாமரை குவிவது. பரந்திருப்பது ஓரிடத்தில் கூடுவதுதான் குவியம். குவியத்தூரம் என்பது, வெகு தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு தூரத்தில் கூட்டுகிறது என்ற அளவு. 50 மி.மீ. என்று பொறித்திருந்தால் உருளையின் நீளம் அது என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, மேனுவல். லத்தீன் மானுஸ், கை. இந்தச் சொல்லில்தான் வாங்குபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை மேனுவலுக்குத் தள்ளினால் அது மேனுவல் லென்ஸ் ஆகிவிடாது. மிரர்லெஸ் கேமராக்களுக்கான பெரும்பாலான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் நாம் திருப்பும் வளையம் எதையும் நேரடியாக நகர்த்துவதில்லை. அது மோட்டாருக்கு ஒரு மின்குறிப்பை அனுப்புகிறது, மோட்டார் வில்லையை நகர்த்துகிறது. வளையம் முடிவே இல்லாமல் சுற்றும். பலவற்றில் தூரக் குறியும் இருக்காது. மேனுவல் லென்ஸில் வளையத்துக்கும் வில்லைக்கும் நடுவே திருகுமரை இருக்கிறது. விரல் எவ்வளவு நகர்ந்ததோ அதற்கேற்பவே வில்லை நகரும். ஒரு முனையில் முடிவிலி, மறுமுனையில் மிக அருகு, இரண்டிலும் டக்கென்று நிற்கும். இருட்டில் தொட்டுப் பார்த்தே எங்கே இருக்கிறோம் என்று தெரியும். இதற்கு 'கைக்குவிய லென்ஸ்' என்பது பொருத்தமான பெயர். 'கைமுறை' என்று சொன்னால் அந்தப் பொத்தானையும் சேர்த்துக் குறித்துவிடும்.

சரி, கேமராவின் பெயரில் ஏன் மிரர்லெஸ்? எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் (டிஜிட்டலில் சென்சாருக்கும்) நடுவே ஓர் ஆடி சாய்ந்து நின்று காட்சியை மேலே கண்ணுக்கு அனுப்பும். (கண்ணாடியில்லாக் கேமரா என்று எழுதினால் வில்லையே இல்லையோ என்று தோன்றும். ஆடியிலிக் கேமரா என்பது குழப்பமற்றது.) அந்த ஆடிக்கு இடம் விட வேண்டியிருந்ததால் எஸ்எல்ஆர் லென்ஸ்கள் சென்சாரை விட்டுத் தள்ளி நின்றன. லென்ஸ் பொருந்தும் கேமரா வாய்க்கு மவுண்ட் என்று பெயர். எம்42 என்ற பழைய மரைத் திருகு மவுண்ட்டில் இந்த இடைவெளி 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5. ஆடி போனதும் சோனி ஈ மவுண்ட்டில் அது 18 ஆகவும் நிக்கான் இசட்டில் 16 ஆகவும் சுருங்கியது. எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட வேண்டுமென்றால் மிச்சமுள்ள 27.46 மி.மீ.யை ஒரு வெற்றுக் குழாயால் நிரப்பினால் போதும். உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம். அரை நூற்றாண்டுப் பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு வந்தது இந்த வெற்றிடத்தால்தான். இன்னொரு வசதி: லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை (அபர்ச்சர்) சுருக்கினால் எஸ்எல்ஆரில் காட்சி இருண்டுபோகும், ஆடியிலியில் திரை தானே வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளும்.

இனி தேர்வு. பலரும் எஃப் 1.2, எஃப் 0.95 என்று துளை எண்ணிலிருந்து (எண் சிறுத்தால் துளை பெரிது) தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். பிரைமில் மாறாதது குவியத்தூரம், அதுதான் முதலில் முடிவாக வேண்டும். கையில் ஏற்கெனவே இருக்கும் ஜூமில் நீங்கள் எடுத்த படங்களைத் திறந்து, எந்த மி.மீ.யில் அதிகம் நின்றிருக்கிறீர்கள் என்று பாருங்கள். முழுச்சட்டம் (ஃபுல் ஃபிரேம்) என்பது 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1.5 மடங்கு கணக்கு: 35 மி.மீ. லென்ஸ் முழுச்சட்டத்தில் ஏறக்குறைய 50 காட்டும் பரப்பைக் காட்டும், 50 போட்டால் 75 போலாகி வீட்டுக்குள் நிற்க இடம் போதாது.

அப்புறம் வளையம். கைக்குவிய லென்ஸில் நாம் காசு கொடுப்பது பெரிதும் இதற்குத்தான். முழுச் சுற்று நீளமாக இருந்தால் நுணுக்கமாக நிறுத்தலாம், ஆனால் ஓடும் குழந்தையைப் பிடிக்க முடியாது. குட்டையாக இருந்தால் தலைகீழ். நிக்கான் வளையம் முடிவிலிக்குப் போகும் திசை லைக்கா, கேனன் வளையங்களுக்கு எதிரானது. இரண்டையும் கலந்து வைத்திருப்பவர் விரல் அவசரத்தில் தடுமாறும். தெருவில் எடுப்பவர்கள் தூரக் குறி தெளிவாகப் பொறித்த லென்ஸையே வாங்க வேண்டும். முழுச்சட்டத்தில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து வளையத்தை ஏறக்குறைய 3.3 மீட்டரில் நிறுத்தினால், 1.6 மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவில் விழும். அப்படி வைத்துவிட்டுக் கடைத்தெருவில் நடந்தால் எந்த ஆட்டோஃபோகஸும் உங்களை முந்தாது.

துளை எண்ணின் உண்மை முகம் அருகில் தெரியும். முழுச்சட்டத்தில் 50 மி.மீ., எஃப் 1.4, ஒரு மீட்டரில் ஒரு முகம். தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. கண்ணிமை கூர்மையாக நின்றால் காது மங்கிவிடும். எதிரே இருப்பவர் மூச்சு விட்டு லேசாகச் சாய்ந்தாலும் குவியம் கண்ணை விட்டு நழுவும். விளிம்புகளுக்கு வண்ணம் பூசும் ஃபோகஸ் பீக்கிங் இங்கே அரைகுறையாகவே உதவும், காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகம். முதல் மேனுவல் லென்ஸுக்கு எஃப் 2 தாராளம்.

பழையவற்றில் எல்லாரும் சொல்லும் பெயர் ஹீலியோஸ் 44: சோவியத் தயாரிப்பு, 58 மி.மீ., எஃப் 2, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தின் பயோடார் வடிவமைப்பைத் தழுவியது. இலைகள் பின்னணியாக இருந்தால் மங்கல் சுழல் போல விழும். ஒரு படத்தில் அழகு, இருபது படத்தில் சலிப்பு. பென்டாக்ஸின் பழைய சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 இதைவிட நல்ல துணை. அதன் ஏழு வில்லை வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் மஞ்சள் ஏறியிருக்கும், வெயிலில் சில நாள் வைத்தால் குறையும். பழையதை எடுக்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஈரத்தில் அது வேகமாகப் பரவும். துளை இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் விட்டுவிடலாம்.

புதியவற்றில் டிடிஆர்ட்டிசன், 7ஆர்ட்டிசன்ஸ் போன்ற சீன லென்ஸ்கள் மலிவு, உலோக உடல், படத்தின் ஓரங்களில் மட்டும் தெளிவு கொஞ்சம் குறைவு. கைக்குவியம் பிடிக்குமா என்று பார்க்க இவை போதும். பிடித்துவிட்டால் ஃபோக்ட்லாண்டர். 1756-இல் வியன்னாவில் பிறந்த பெயர், 1999 முதல் ஜப்பானின் கொசினா அந்தப் பெயரில் லென்ஸ் செய்கிறது. சோனி ஈ மவுண்ட்டுக்கான அவர்களது லென்ஸ்களில் மின் தொடர்பு உண்டு: வளையத்தைத் தொட்டதும் காட்சி தானே பெரிதாகும், குவியத்தூரமும் துளை எண்ணும் படத்தோடு பதிவாகும். லைக்கா எம் மவுண்ட்டுக்கான அகலக்கோண லென்ஸ்களைச் சோனியில் குழாய் வைத்து மாட்டுவதானால் யோசியுங்கள். சென்சார் மேலுள்ள கண்ணாடி தடிமனாக இருப்பதால் ஓரங்கள் இழுபடும்.

மின் தொடர்பு இல்லாத லென்ஸை முதன்முதலாக மாட்டும்போது ஷட்டர் அழுந்தாமல் போகலாம். கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது. அமைப்புகளில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர்' என்பதை இயக்குங்கள். சென்சார் அசைந்து நடுக்கத்தைத் தடுக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் குவியத்தூரத்தையும் கையால் உள்ளிட வேண்டும். அங்கே லென்ஸில் பொறித்த எண்ணையே கொடுங்கள், 1.5-ஆல் பெருக்கிய எண்ணை அல்ல.